ஆல்பாவும் அலிபும்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில் அட்டாளைச்சேனையைக் கடந்தவர்கள், ஓதப்பள்ளிச் சிறுவர்கள் லெப்பையின் முன்னிருந்து “அலிபு, பே, தே” என்று உரத்துச் சொல்வதைக் கேட்டிருப்பார்கள். புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியாகிய பழைய கிரேக்கத்தில் வாசிக்க விரும்பும் நம்மவரும் அப்படியேதான் தொடங்கவேண்டும்: ஆல்பா, பேட்டா, காமா.

இந்த ஒலி ஒற்றுமை தற்செயலானதல்ல. கிரேக்கர் தம் எழுத்தைப் பெனீசியரிடமிருந்து பெற்றனர். அரபு எழுத்தும் அரமேய எழுத்தின் வழியாக அதே மூலத்திலிருந்து வந்ததுதான். மூலத்திலே முதலெழுத்தின் பெயருக்கு எருது என்றும், இரண்டாவதற்கு வீடு என்றும் பொருள். அயல்வீட்டுப் பிள்ளை ஓதும் அலிபும் நாம் படிக்கும் ஆல்பாவும் ஒரு பாட்டியின் பேரர்கள்!

கிரேக்க எழுத்துகள் 24. ஒரு கிழமையில் படித்துவிடலாம். சில எழுத்துகளை நாம் ஏற்கெனவே பார்த்துமிருக்கிறோம். பீடத் துணியில் ஐ, எச், எஸ் என்று நாம் வாசிப்பது ஆங்கிலமல்ல. அயோட்டா, ஏட்டா, சிக்மா. கிரேக்கத்தில் யேசுவின் பெயருக்கு முதல் மூன்று எழுத்துகள் அவை.

தமிழருக்கு ஓர் இடர் உண்டு. ‘பல்’ என்றாலும் ‘அம்பு’ என்றாலும் நாம் எழுதுவது ஒரே பகரம், ஒலியோ வேறு. கிரேக்கத்தில் பை, பேட்டா என்று தனித்தனி எழுத்துகள். ககர, தகரங்களுக்கும் இதே கதைதான். ஆகவே கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். ஓதப்பள்ளிப் பிள்ளைகளைப் போல வாய்விட்டுப் படியுங்கள்.

பலர் எழுத்தோடு நின்றுவிடுவது, அடுத்து வரும் வேற்றுமை அட்டவணையைக் கண்டு அஞ்சித்தான். ஆங்கில வழியில் படிப்பவர் அஞ்சட்டும். எட்டு வேற்றுமை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு ஐந்து ஒரு பாரமா? ‘சொல்’ என்பது லோகொஸ். ‘சொல்லை’ என்பது லோகொன். ‘சொல்லின்’ என்பது லோகூ. நம்மைப்போலவே அவர்களும் சொல்லின் கடைசியில்தான் மாற்றுகிறார்கள்.

லத்தீன் பூசைக் காலத்தில் நம் பெரியவர்கள் பாடிய “கீரியே எலெய்சோன்” லத்தீன் அல்ல, கிரேக்கம். பொருள் தெரியாமலே எத்தனை தலைமுறை பாடியது! கீரியோஸ் என்றால் ஆண்டவர். கீரியே என்றால் ஆண்டவரே. விளிவேற்றுமையில் நாமும் ஏகாரம் போடுகிறோம். அவர்களும் எகரம் போடுகிறார்கள். மொழிகளுக்குள் உறவில்லை, ஆனால் நினைவில் நிற்க இதைவிட நல்ல உதவி வேண்டுமா?

பயிற்சி: கிறிஸ்தொஸ், பெத்ரொஸ், பவுலொஸ் ஆகிய பெயர்களை விளியாக மாற்றுக. முதலாவது கிறிஸ்தே. மரியா என்ற பெயரை மட்டும் மாற்றவேண்டாம். கிரேக்கத்தில் அது விளியிலும் மரியாதான்.