மல்லிகாவின் தையல் மெஷின்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மல்லிகாவின் கணவர் சேகரும் அப்படித்தான். விடியற்காலையில் போவார். இரவுதான் திரும்புவார்.

மல்லிகா வீட்டில் துணி தைப்பாள். அவளிடம் இருந்தது பழைய மிதி மெஷின். கால் வலிக்க வலிக்க மிதித்தாலும் ஒரு நாளைக்கு மூன்று ஜாக்கெட்டுக்கு மேல் முடியாது. மோட்டார் மெஷின் வாங்க ஆசைப்பட்டாள். மகளிர் சங்கத்தில் 15,000 ரூபாய் கடன் எடுத்தாள். மாதம் 1,400 ரூபாய் கட்ட வேண்டும்.

பெங்களூரில் ஒரு கடைக்குப் போனார்கள். மெஷின் விலை 14,500 ரூபாய்.

"பில் வேண்டாமென்றால் 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்றார் கடைக்காரர்.

சேகர் தலையை ஆட்டினார். மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. மாலை வகுப்பில் படித்த பாடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"பில் போட்டே கொடுங்கள். உத்தரவாத அட்டையிலும் கடை முத்திரை வைத்துக் கொடுங்கள்" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் பிறகு அவளைக் காப்பாற்றியது.

மெஷின் நின்றது

நான்காம் நாள் மெஷின் கோளாறு செய்தது. நூல் அறுந்தது. தையல் விட்டு விட்டு விழுந்தது. அரை மணி நேரம் ஓடினால் மோட்டார் சுட்டது. பிறகு நின்றே போனது.

மல்லிகா ஒரு பழைய நோட்டை எடுத்தாள். நடந்ததை நடந்த அன்றே எழுதி வைத்தாள்.

"10-ஆம் தேதி. கடைக்குப் போன் செய்தேன். எண்ணெய் போடச் சொன்னார்கள். போட்டேன். சரியாகவில்லை.

18-ஆம் தேதி. மெக்கானிக் வந்தார். ஊசி மாற்றினார். மறுநாள் மெஷின் மீண்டும் நின்றது.

27-ஆம் தேதி. மெஷினை ரயிலில் கொண்டு போனேன். கம்பெனியைக் கேள் என்றார்கள்."

இதற்கிடையே ஒரு கல்யாண வீட்டுத் துணி கை நழுவிப் போனது. சங்கக் கடனின் முதல் தவணையும் வந்துவிட்டது.

மல்லிகா மறுபடியும் கடைக்குப் போனாள். "மெஷின் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டாள்.

கடைக்காரர் பில்லின் அடியில் விரலை வைத்தார். அங்கே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

"என்ன போட்டிருக்கிறது தெரியுமா? விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. இனிமேல் இங்கே வராதே, அம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து மல்லிகா அழுதாள்.

"விடு மல்லிகா. பெங்களூர்க் கடைக்காரனோடு நம்மால் மோத முடியுமா?" என்றார் சேகர்.

"கடனை யாருங்க கட்டுவது? நாம்தானே?" என்றாள் மல்லிகா.

டீச்சர் சொன்னது

மாலை வகுப்பு நடத்துபவர் சரோஜா டீச்சர். மல்லிகா பில்லையும் நோட்டையும் அவரிடம் காட்டினாள்.

டீச்சர் நோட்டை முழுவதும் படித்தார். "நல்ல வேலை செய்திருக்கிறாய். இதுதான் உனக்குச் சாட்சி" என்றார்.

"ஆனால் பில்லில் அப்படிப் போட்டிருக்கிறதே, டீச்சர்?"

"பில்லில் அச்சடித்தால் அது சட்டமாகிவிடுமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதலில் 1986-இல் வந்தது. பிறகு 2019-இல் புதிய சட்டம் செய்தார்கள். 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது தவறு என்று அதில் எழுதியிருக்கிறது. பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான்."

"துணியின் நிறம் பிடிக்கவில்லை என்றாலும் திருப்பித் தரலாமா?"

"அது வேறு. பொருள் நன்றாக இருக்கிறது, நமக்குத்தான் மனம் மாறிவிட்டது என்றால் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. உன் மெஷின் அப்படியில்லை. அதில் பழுது இருக்கிறது."

மூன்று படிகள்

முதலில் மல்லிகா 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். பல புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். மல்லிகாவின் புகார் தீரவில்லை. உதவி எண்ணில் இருப்பவர்கள் பேசிப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அடுத்து கடைக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதினார்கள். மல்லிகாவுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். 15 நாளில் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினார்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்தார்கள். பதில் வரவில்லை.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக முடிவு செய்தார்கள்.

"பெங்களூருக்குத்தானே போக வேண்டும்?" என்று கேட்டார் சேகர்.

"தேவையில்லை. பழைய சட்டத்தில் பொதுவாக எதிராளி இருக்கும் ஊருக்கோ, சம்பவம் நடந்த ஊருக்கோ போக வேண்டும். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குக் கோலார்" என்றார் டீச்சர்.

"வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் எவ்வளவு ஆகும்?"

"வக்கீல் கட்டாயம் இல்லை. அவளே பேசலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணமும் இல்லை."

புகார் மனு தயாரானது. கூடவே உறுதிமொழிப் பத்திரம் வைத்தார்கள். பில், உத்தரவாத அட்டை, கடிதம், தபால் ரசீது ஆகியவற்றின் நகல்களையும் நோட்டின் நகலையும் இணைத்தார்கள். கடையும் கம்பெனியும் எதிர்த்தரப்பு.

"இங்கே கையெழுத்துப் போடு" என்றார் டீச்சர்.

சங்கக் கடனுக்கு முன்பு ஒருமுறை மல்லிகா கைநாட்டு வைத்திருக்கிறாள். இந்த மனுவில் ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரை எழுதினாள்.

ஆணையத்தில்

கடைக்காரரின் வக்கீல் ஒரு கேள்வி எழுப்பினார். "இவர் தையல் தொழில் செய்கிறார். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்" என்றார்.

ஆணையத்தின் தலைவர் மல்லிகாவைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"நான்தான் தைக்கிறேன், ஐயா. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. என் வீட்டுப் பிழைப்பு இதில்தான் நடக்கிறது" என்றாள்.

அது போதுமாக இருந்தது. லாபத்துக்காக வாங்கி விற்பவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சொந்த உழைப்பால் வயிறு கழுவுவதற்காக மட்டும் பொருள் வாங்குபவர் நுகர்வோர்தான். சட்டமே இதைச் சொல்கிறது.

மெஷினைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மோட்டாரில் தயாரிப்பிலேயே பழுது என்று அறிக்கை வந்தது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. மல்லிகாவுக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை பழைய மிதி மெஷினில் தைத்தாள். ஒரு தவணையும் தவறாமல் கட்டினாள். இரண்டு முறை கோலாருக்குப் போய் வழக்குத் தள்ளிப்போய்த் திரும்பி வந்தாள். ஆனாலும் விடவில்லை.

தீர்ப்பு வந்தது. 14,500 ரூபாயை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அலைச்சலுக்கும் நஷ்டத்துக்கும் 5,000 ரூபாய். வழக்குச் செலவுக்கு 2,000 ரூபாய். எல்லாவற்றையும் 45 நாளில் கொடுக்க வேண்டும்.

ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனை உண்டு. ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை போடலாம். 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். கடைக்காரர் நாற்பதாம் நாள் பணத்தைக் கட்டினார்.

மல்லிகா வேறு கடையில் வேறு மெஷின் வாங்கினாள். பில்லைக் கேட்டு வாங்கி, நோட்டுக்குள் வைத்தாள்.

(மல்லிகாவின் கதை கற்பனை. சட்டம் உண்மை.)

நினைவில் வைப்போம்

1. எந்தப் பொருள் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவோம்.

2. உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்போம்.

3. பழுது தெரிந்தவுடன் கடைக்குச் சொல்வோம். சொன்ன தேதியை எழுதி வைப்போம்.

4. அசல் பில்லை யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது. நகலைக் கொடுப்போம்.

5. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

6. மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு நியாயமாக இல்லை என்று தோன்றினால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பேசிப் பார்ப்போம்

1. பில் இல்லாமல் 500 ரூபாய் குறைவாக வாங்கியிருந்தால் மல்லிகாவின் நிலை என்ன ஆகியிருக்கும்?

2. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை உங்கள் ஊர்க் கடைகளில் இருக்கிறதா?

3. பழுதான பொருள் வாங்கி ஏமாந்தவர் உங்கள் வகுப்பில் உண்டா? அவர் என்ன செய்தார்?

எழுதிப் பழகுவோம்

நீங்கள் வாங்கிய குக்கரில் பழுது இருக்கிறது. கடைக்காரருக்குக் கடிதம் எழுதுங்கள். இந்த ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும்: வாங்கிய தேதி, பில் எண், விலை, என்ன பழுது, உங்களுக்கு என்ன வேண்டும். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.