பாப்பாரப்பட்டி வெயிலில் தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டர்

சித்திரை மாதத்தில் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியின் தளம் போட்ட மாடி அறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கும். அந்த அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோவுக்கு ரெண்டர் போடுகிறவரும், பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே முப்பரிமாண வேலை செய்து அனுப்புகிறவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாட்டர் கூலிங் போட்டால் சரியாகிவிடுமா?

பிராசசர் சரியாகும். அறை சரியாகாது. கம்ப்யூட்டர் 450 வாட் கரண்டை எடுத்தால், அந்த 450 வாட்டும் சூடாக அறைக்குள்தான் வந்து விழும். தண்ணீர் செய்வது சுமை தூக்கும் வேலை மட்டுமே. நகம் அளவு சிப்பிலிருந்து சூட்டை வாங்கி, அகலமான ரேடியேட்டரில் கொண்டுபோய்ப் பரப்பிவிடுகிறது. ஒரே கொள்ளளவு காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு சூட்டைத் தாங்கும் என்பதால் இந்த வேலைக்கு அது பொருத்தம். ஆனால் ரேடியேட்டர் வழியாகப் போவது அறைக் காற்று. அறை 36 டிகிரி என்றால் லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதையில், ஓடும் தண்ணீர் 36-க்குக் கீழே ஒருநாளும் இறங்காது. ஆகவே முதல் செலவு ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது இல்லாமல் மற்றதை வாங்க வேண்டாம்.

இரண்டாவது வேலைக்குக் காசே தேவையில்லை. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் 7950எக்ஸ் போன்ற பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும், மிச்சம் கிடைக்கும் இடத்தைக் கூடுதல் வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே போய் நிற்கும். பயாஸில் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை ஆன் செய்து பாருங்கள். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடும், சூடு கணிசமாகக் குறையும். பத்தில் ஏழு பேருக்கு இதோடு ஒரு நல்ல ஏர் கூலரே போதும் என்பது என் கணிப்பு. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் சேர்ந்து மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுகின்றன, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, ஃபேன் சத்தம் ஆகாது என்கிற நிலை இருந்தால்தான் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டும் கஸ்டம் லூப்புக்கு அர்த்தம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மேலே படிக்கலாம்.

கணக்கும் பொருளும்

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வாட்டையும் கூட்டுங்கள். 120 வாட் பிராசசர், 320 வாட் கார்டு என்றால் 440. ரேடியேட்டரில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றின் பரப்புக்கு 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் ஊர்க்காரர்கள் 150 வரை போவார்கள். நம் பக்கத்து வெயிலுக்கு 100-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 440 வாட்டுக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்றும் 240 ஒன்றுமாக ஐந்து ஃபேன் பரப்பு வேண்டும். இரண்டும் உள்ளே அடங்குமா என்று கேபினெட்டின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். மேலே 360 வைத்தால் மதர்போர்டின் ரேம் தலையில் இடிக்கும் கேபினெட்டுகள் நிறைய உண்டு.

மற்றவை: பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஒரு பிளாக், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக், பம்பும் ரிசர்வாயரும் சேர்ந்த ஒரு செட், டியூப், ஃபிட்டிங்குகள், ஒரு வால்வு, கூலண்ட், தண்ணீரின் வெப்பநிலை காட்டும் ஒரு சென்சார். பம்புக்கு டி5 வகையை எடுங்கள். சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

கார்டின் பிளாக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே பெயரில் விற்கும் கார்டுகளுக்குள்ளேயே கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே போர்டு வேறாக இருக்கும். உங்கள் கார்டின் முழு மாடல் எண்ணுக்குப் பொருந்தும் என்று பிளாக் கம்பெனி எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். கார்டைக் கழற்றினால் வாரண்டி என்னாகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உலோகத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரேடியேட்டர் செம்பு என்றால் பிளாக்கும் செம்போ நிக்கல் பூசிய செம்போ ஆக இருக்க வேண்டும். விலை குறைவு என்று ஒரே ஒரு அலுமினிய ரேடியேட்டரை நடுவில் சேர்த்தாலும், செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்து பேட்டரிபோல வேலை செய்து, அலுமினியம் அரித்துப் பொடியாகும். பொருளின் விவரத்தில் உலோகத்தின் பெயரே இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

டியூப்பில் என் ஓட்டு கறுப்பு ஈபிடிஎம் ரப்பருக்கு, உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். கண்ணாடிபோல வளைத்து வைக்கும் பெட்ஜி குழாய் படத்தில் அழகுதான். ஆனால் அது 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். நம் கோடையில் தண்ணீர் சாதாரணமாகவே 45-ஐத் தொடும், அதன் மேல் பம்ப் ஒருநாள் நின்றால் மிச்ச டிகிரிகளைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. தெளிவான பிவிசி டியூப்பும் வேண்டாம். அதிலுள்ள பிளாஸ்டிசைசர் கசிந்து பிளாக்குக்குள் வெள்ளைப் பிசின்போல அடைத்துக்கொள்ளும்.

இவை தருமபுரிக் கடைகளில் கிடைப்பது அரிது. பெங்களூருவின் எஸ்.பி. ரோடும் சென்னையின் ரிச்சி தெருவும் மற்ற பாகங்களுக்குக் கைகொடுக்கும். லூப் பாகங்களைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டிவரும். கூரியர்காரருக்கு ஊரிலுள்ள சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்தை அடையாளம் சொல்லிவிட்டு, பெட்டி வந்ததும் எல்லா ஃபிட்டிங்கிலும் ஓ-ரிங் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

எந்தத் தண்ணீர்?

தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை படிந்த தலைமுறைகளைப் பார்த்த ஊர்கள் இவை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, லூப்புக்கு ஆகாது. குளோரின் கலந்தது, உப்புகளும் உண்டு. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குக்கரின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, பிளாக்குக்குள்ளும் படியும். அங்கே செம்பை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் சீவிவைத்திருப்பார்கள். இரண்டு கோடை போதும், அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீரும் முழுச் சுத்தம் கிடையாது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், சில பத்துகளில் காட்டும்.

வாங்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் கடையில் கேனில் விற்கும் பேட்டரி தண்ணீர் அந்த இனம்தான், ஆனால் கேனுக்குக் கேன் தரம் மாறும். மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். 5-க்கு மேல் காட்டினால் அந்தக் கேன் இன்வெர்ட்டருக்கே போகட்டும். வெறும் டிஸ்டில்டு தண்ணீரையும் அப்படியே விடக்கூடாது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும், பாசி பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் கலந்த கூலண்ட் கான்சன்ட்ரேட் கிடைக்கிறது, அதை பாட்டிலில் சொன்ன விகிதத்தில் சேருங்கள். நிறம் சேர்க்காததே நல்லது. மினுமினுக்கும் கலர் கூலண்ட் நாளாக ஆகக் கீழே படியும். காரில் ஊற்றும் கூலண்ட்டை எடுக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், வீட்டில் குழந்தையும் நாயும் இருக்கும்.

பூட்டும் முறை

புது மதர்போர்டை முதலில் பெட்டியோடு வந்த கூலரையோ கடன் வாங்கிய கூலரையோ போட்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்டையும் அதன் சொந்த ஃபேனோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லையென்றால், எந்தப் பாகத்தில் கோளாறு என்று தேடுவதற்கே ஒரு வாரம் போய்விடும்.

அடுத்து ரேடியேட்டரைக் கழுவ வேண்டும். உள்ளே சால்டரிங் செய்தபோது விட்ட ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு தண்ணீரைச் சூடாக்கிப் பாதி ஊற்றி, இரு வாயையும் மூடி நன்றாகக் குலுக்கி, வெள்ளைப் பீங்கானில் கொட்டுங்கள். கறுப்புத் துகள் வருவது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதைச் சோம்பலால் விட்டவர்களின் பிளாக்கைத் திறந்தால் சேறு இருக்கும்.

கார்டைப் பிரிக்கும்போது எந்த ஸ்க்ரூ எங்கிருந்தது என்று தாளில் படம் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாக் கம்பெனி சொன்ன கனத்தில் தெர்மல் பேடை அந்தந்த மெமரி சிப் மேல் வைக்க வேண்டும். ஆல்கஹால் பிளாக்கின் அக்ரிலிக் மேல்மூடியில் படக்கூடாது, விரிசல் விடும். பிளாக்கின் ஸ்க்ரூக்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பம்புக்கு மேலே ரிசர்வாயர் இருக்க வேண்டும், வறண்ட பம்ப் சீக்கிரம் செத்துவிடும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி-ஃபிட்டிங் போட்டு வால்வை வையுங்கள். அடுத்த வருஷம் தண்ணீர் மாற்றும் நாளில் இதன் அருமை தெரியும். எந்த பிளாக் முதலில், எது பிறகு என்ற வரிசை பெரிய விஷயமே கிடையாது. நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட் சேர்ந்தாலும், ஒரு முழுச் சுற்றில் தண்ணீர் ஒன்றரை டிகிரிக்கும் குறைவாகத்தான் ஏறும். டியூப் எப்படிப் போனால் குட்டையாகவும் மடங்காமலும் இருக்குமோ அப்படிப் போடுங்கள்.

ஃபிட்டிங்கைக் கையால் முறுக்கினால் போதும். ஓ-ரிங் நசுங்கி உட்கார்வதுதான் அடைப்பு. வீட்டில் பிளம்பிங் பழகிய கை தன்னையறியாமல் டெஃப்லான் டேப்பைத் தேடும், எம்-சீலையும் தேடும். இரண்டும் இங்கே கூடாது.

சொட்டாமல் இருக்கிறதா?

சைக்கிள் கடையில் டியூப்பைத் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்ப்பதுபோல இங்கே முக்கிப் பார்க்க வழியில்லை. அதனால் முதலில் காற்றால் சோதிக்க வேண்டும். லீக் டெஸ்டர் என்று மீட்டர் வைத்த சின்னக் கைப்பம்ப் விற்கிறார்கள். 0.5 பாருக்கு மேல் போகாமல் காற்றேற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். பெரும்பாலும் சாய்வாக வெட்டிய டியூப் முனையோ, காணாமல் போன ஓ-ரிங்கோதான் காரணமாக இருக்கும்.

முள் இறங்காமல் நின்ற பிறகுதான் தண்ணீர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். பம்ப் வயர் மட்டும் இருக்கட்டும். 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். இப்போது வரும் கேபிள்களில் எல்லா வயருமே கறுப்பு என்பதால், அதற்கென்று விற்கும் ஜம்பர் பிளக்கை வாங்கிவிடுவது நல்லது.

ரிசர்வாயரை நிரப்புங்கள். பம்பைச் சில வினாடி ஓட்டுங்கள், மட்டம் இறங்கியதும் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். பாதி லூப் நிறைந்ததும் கேபினெட்டை இரு பக்கமும் சாய்த்துக் குமிழிகளை மேலே வரவிடுங்கள். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் சுற்றி, ஒரு இரவும் பகலும் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். பேப்பர் நனையவில்லையென்றால் வயர்களை மாட்டலாம். எங்காவது சொட்டியிருந்தால், துடைத்ததும் ஆன் செய்யும் அவசரம் வேண்டாம். நன்றாகக் காயட்டும்.

ஓட்டம்

பம்ப்பின் வேகம் காட்டும் வயரை சிபியு ஃபேன் முனையில் மாட்டி, சுழற்சி நின்றால் எச்சரிக்கும்படி பயாஸில் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன்களைப் பிராசசர் சூட்டுக்கு ஏற்ப ஓடவிட்டால் ஒவ்வொரு நிமிஷமும் ஏறி இறங்கிக் கத்தும். மதர்போர்டில் வெப்பநிலை சென்சாருக்கு இரண்டு முனை இடம் இருந்தால், தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ப ஓட்டுங்கள்: 40 டிகிரி வரை மெதுவாக, 50-இல் முழு வேகம், 55-இல் எச்சரிக்கை.

தண்ணீர் 45 டிகிரி காட்டும்போது பயப்பட வேண்டாம். ஜெர்மனியில் மியூனிக் அருகே 2012-இல் தொடங்கிய சூப்பர்எம்யூசி சூப்பர் கம்ப்யூட்டரையே 45 டிகிரி வரை சூடான தண்ணீரால்தான் குளிர்வித்தார்கள். வெளியே வந்த சூட்டைக் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். நமக்கு அந்தக் கடைசி வசதி மட்டும் தேவைப்படாது.

கரண்ட் போனால் பம்பும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நிற்பதால் லூப்புக்கு ஆபத்தில்லை. ரெண்டர் வீணாகாமல் இருக்க யூபிஎஸ் வேண்டும், அது வேறு கணக்கு. எர்த்தை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து பலனிழக்கும், அதற்கும் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கேழ்வரகும் நிலக்கடலையும் அடிக்கும் நாட்களில் ஊரெல்லாம் தூசிதான். மாதம் ஒருமுறை வெளியே தூக்கிவந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ரேடியேட்டரை ப்ளோயரால் ஊதுங்கள். கேபினெட்டின் ஓட்டைகளுக்குக் கொசுவலை ஒட்டினால் பல்லி உள்ளே குடியேறாது. அதிகம் நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும், பார்த்து எடுங்கள். தண்ணீரை வருஷம் ஒருமுறை, பங்குனியிலேயே மாற்றிவிட்டால் கோடைக்குப் புதுத் தண்ணீரோடு போகலாம்.

கூடுதலாக நாலைந்து ஓ-ரிங், இரண்டு ஃபிட்டிங், அரை மீட்டர் டியூப், ஒரு லிட்டர் கூலண்ட் வீட்டிலேயே இருக்கட்டும், கூரியர் வர நாளாகும். கழற்றிய ஏர் கூலரையும் கார்டின் பழைய ஃபேனையும், ஸ்க்ரூக்களைக் கவரில் போட்டுப் பெயரெழுதி, அதே அட்டைப்பெட்டியில் வைத்துவிடுங்கள். பம்ப் போன நாளில் வேலை நிற்காமல் ஓட்டவும், பின்னால் கார்டை விற்கவும் அவை வேண்டும்.