மானாவாரிக் குடியானவரும் முதுமைக்காலச் சேமிப்பும்

கரிசல் சீமையில் விதைத் தவசத்தைப் பேணும் நெடுங்கால வழக்கம் யாவரும் அறிந்ததே. களத்தில் முற்றிய கதிர்களைப் பொறுக்கி, நன்றாய் உலர்த்தி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து குலுக்கையில் இட்டு, வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். அடுத்த விதைப்பு வரையில் அதை ஒருவரும் தொடுவதில்லை. அடுப்பில் உலை வைக்க வழியில்லாத நாளிலும், அண்டை வீட்டில் கைமாற்று வாங்கி உண்பார்களேயன்றி, விதையை எடுத்து உரலில் இடமாட்டார்கள். இத்துணைக் கட்டுப்பாடுடைய குடியானவர், தம் முதுமைக்கென்று ஒரு பங்கை எடுத்து அவ்விதமே வாய் பூசி வைப்பது மட்டும் அபூர்வமாயிருக்கிறது.

இதற்குக் காரணம் கேட்டால், "நிலம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று விடை வரும். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களின் புஞ்சை நிலம், உழுகிறவன் கையில் இருக்கும்வரைதான் சோறு போடும். அறுபத்தைந்து வயதில் கலப்பை பிடிக்கவோ டிராக்டருக்கு முன்பணம் கட்டவோ இயலாதவர் நிலத்தை வாரத்துக்கு விட்டால், மழை பொய்த்த வருஷத்தில் வாரமும் வராது. பிள்ளைகளோ திருப்பூரிலும் சிவகாசியிலும் மதுரையிலும் பிழைப்புத் தேடிப் போயிருப்பார்கள். அவர்களும் வாடகையும் பள்ளிச் சம்பளமும் கொடுத்து மிஞ்சியதையே ஊருக்கு அனுப்பக்கூடும். உழவு நின்ற நிலத்தில் மூன்றாம் வருஷம் சீமைக்கருவேல் முளைத்துவிடுகிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வரும் சில்லறையை வருமானம் என்று சொல்லுவதற்கில்லை.

சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். மாதாமாதம் இவ்வளவு கட்டுங்கள் என்று சொல்வது ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பொருந்தும். மானாவாரிக் குடியானவருக்கு வருஷத்தில் பணம் வருவது தை முதல் சித்திரை வரையில்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தையில் வரும். சோளம், குதிரைவாலி, மல்லி, பருத்தி பின்னே வரும். வைகாசிக்கு மேல் கையில் இருப்பது குறைந்து, ஆவணியில் கடன் பேச்சுத் தொடங்கும். இதற்கு மேலாக வடகிழக்குப் பருவ மழை ஒரு வருஷம்போல் மறுவருஷம் பெய்வதில்லை. 2016-ம் வருஷத்தில் அம்மழை முற்றிலும் ஏமாற்றி, 2017 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் வறட்சி அறிவிப்புச் செய்ய நேர்ந்தது இந்தப் பக்கத்தாருக்கு மறந்திராது. ஆகையால் இந்நாட்டுக் குடியானவருக்கு வேண்டுவது, நல்ல வருஷத்தில் அதிகமும், கெட்ட வருஷத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் கட்ட இடங்கொடுக்கும் சேமிப்பே.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 24 ரூபாய். 3 ரூபாய் என்றால் 36 ரூபாய். இத்தகைய கைக்கடனை நிற்கவிட்டு, நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி தரும் இடத்தில் பணம் போடுவது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதாகும். முதல் நல்ல மகசூல் கைக்கடனுக்கே போகவேண்டும். கிசான் கிரெடிட் கார்டு மூலம் தவணை தவறாமல் செலுத்துகிறவருக்கு 3 லட்ச ரூபாய் வரையிலுள்ள பயிர்க்கடன் வருஷம் 4 சதவிகிதத்தில் கிடைக்கிறது. ஆகவே பயிர்க்கடனை அடைக்கச் சேமிப்பை நிறுத்தவேண்டிய அவசியமில்லை. ஆனால் தவணை தவறக்கூடாது. தவறினால் அச்சலுகை போய்விடும்.

கடன் தீர்ந்தபின் மிச்சத்தை இரண்டு குவியலாகப் பிரிப்பது நலம். முதலாவது பஞ்சக் குவியல்: குடும்பத்தின் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவும், ஒரு போகத்தின் விதை, உரம், உழவுக் கூலியும் சேர்ந்த தொகை. இது எந்நேரமும் எடுக்கத்தக்கதாய்த் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கிலோ பாங்கியிலோ இருக்கவேண்டும். வட்டி குறைவு என்று வருந்துவதில் பயனில்லை. இதன் வேலை பெருகுவதன்று, ஆவணி மாதத்தில் கைக்கடன் வாங்காமல் தடுப்பதே. 24 சதவிகிதக் கடனைத் தவிர்த்த பணம் 24 சதவிகிதம் சம்பாதித்த பணமேயாகும். இக்குவியல் நிரம்பாமல் இரண்டாவதைத் தொடங்குகிறவர்கள், முதல் வறட்சியிலேயே முதுமைப் பணத்தை உடைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது குவியலே முதுமைக்குரியது. இதற்கு 1968-ல் ஏற்பட்ட பொதுச் சேமநல நிதி, மானாவாரிக் குடியானவருக்கு மிகவும் இசைந்தது. பி.பி.எப். என்று தபாலாபீஸில் கேட்டால் கணக்குத் திறந்து கொடுப்பார்கள். சம்பளக்காரருக்காகவே ஏற்பட்டது என்ற எண்ணம் கிராமங்களில் இருக்கிறது, அது தவறு. வருஷத்துக்கு 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,50,000 ரூபாய்க்கு மேற்படாமலும், ஒரே தடவையாகவோ பல தடவையாகவோ கட்டலாம். மல்லி விற்ற வருஷத்தில் 20,000 கட்டியவர், வறண்ட வருஷத்தில் 500 மட்டும் கட்டினால் கணக்கு உயிரோடிருக்கும். அதையும் மறந்துவிட்டால், தவறிய வருஷம் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டிப் புதுப்பிக்க வழியுண்டு. கணக்கின் காலம் 15 வருஷம். பிறகு ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். ஏழாவது வருஷம் முதல் ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டெனினும், அதை இல்லாததாகவே எண்ணுவது நல்லது. இன்னொரு விசேஷமும் உண்டு. கடன்காரர் கோர்ட்டில் டிக்கிரி பெற்றாலும் இந்நிதியிலுள்ள பணத்தை ஜப்தி செய்ய முடியாது. வீட்டையும் மாட்டையும் இழந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இதன் வட்டியைச் சர்க்கார் மூன்று மாதத்துக்கொரு முறை நிர்ணயிக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் 2025 முடிய அது 7.1 சதவிகிதமாகவே இருந்தது. அவ்விகிதம் மாறாதென்று வைத்துக் கணக்கிட்டால், 45 வயதில் தொடங்கி வருஷம் 10,000 ரூபாய் கட்டுகிறவருக்கு 60 வயதில் ஏறக்குறைய 2,71,000 ரூபாய் சேரும். அவர் கட்டியது 1,50,000. அதையே 35 வயதில் தொடங்கியவருக்கு அதே 60 வயதில் சுமார் 6,87,000 ரூபாய் சேரும். அவர் கட்டியது 2,50,000 மட்டுமே. அதிகமாய்க் கட்டியது ஒரு லட்சம்; அதிகமாய்ப் பெறுவது நான்கு லட்சத்துக்கு மேல். வட்டிக்கு வட்டி ஏறுவதால் குடியானவர் கடன்பட்டு நொந்ததுண்டு. அதுவே தமக்காக உழைக்கும்படி செய்வது இம்முறை. கட்டும் நாளிலும் கவனம் வேண்டும். மாதம் 5-ந் தேதிக்கும் மாத முடிவுக்கும் இடையில் கணக்கிலிருந்த குறைந்த இருப்புக்கே வட்டி போடுகிறார்கள். ஏப்ரல் 5-ந் தேதிக்குள், அதாவது பங்குனிக் கடைசி வாரத்துக்கு முன், கட்டிய பணத்துக்கு முழு வருஷ வட்டியும் கிடைக்கும். பருத்தி எடுப்பு முடியட்டும் என்று காத்திராமல், மல்லிப் பணம் வந்தவுடனேயே கட்டிவிடுவது உத்தமம்.

இளைஞர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தொடங்கிய கிசான் மான்-தன் திட்டத்தில், 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலமுள்ள 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாமென்று விதித்தார்கள். 18 வயதில் சேருகிறவர் மாதம் 55 ரூபாயும், 29 வயதில் சேருகிறவர் 100 ரூபாயும், 40 வயதில் சேருகிறவர் 200 ரூபாயும் செலுத்தவேண்டும். சர்க்காரும் அதே அளவு செலுத்துவார்கள். 60 வயதுக்குமேல் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன்; அவர் காலஞ்சென்றால் மனைவிக்கோ கணவருக்கோ அதில் பாதி. பி.எம். கிசான் திட்டத்தில் வருஷம் மூன்று தவணையாய் வரும் 6,000 ரூபாயிலிருந்தே இத்தொகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் கொடுக்கலாமாதலால் மாதந்தோறும் பணம் தேடும் தொல்லையில்லை. சர்க்கார் பங்கும் சேருவதால் இதை விடுவது நஷ்டமே. ஆனால் இதை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. விலைவாசி வருஷம் 4 சதவிகிதம் ஏறுமாயின், இன்று 29 வயதுள்ளவர் 31 வருஷங்கழித்துப் பெறும் 3,000 ரூபாய், இன்றைய 890 ரூபாய்க்கு வாங்கும் சாமானைத்தான் வாங்கும். வெற்றிலை பாக்குக்கும் மருந்துக்கும் ஆகும். குடும்பம் நடத்த ஆகாது.

இத்திட்டத்துக்கு 2019 ஆகஸ்டு 1-ந் தேதியில் நிலக்கணக்கில் பெயர் இருந்திருக்கவேண்டும். இங்கேதான் கிராம உத்தியோகஸ்தர்களின் உதவி வேண்டும். பாட்டனார் இறந்து முப்பது வருஷமாகியும் அவர் பெயரிலேயே பட்டா நிற்கும் நிலங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கூட்டுப் பட்டாவில் ஐந்து பங்காளிகளின் பெயர் இருந்தும், உழுகிறவர் பெயர் இல்லாததும் உண்டு. பாகப்பிரிவினையை வாய்ப் பேச்சோடு நிறுத்தியவர்கள், கடன், காப்பீடு, பென்ஷன் ஆகிய எல்லாவற்றிலும் திண்ணைக்கு வெளியே நிற்கவேண்டியதாகிறது. ஜமாபந்தி சமயத்தில் பட்டா மாறுதலைத் தூண்டிவிடும் ஒரு கிராம நிர்வாக அலுவலர், அவ்வூராரின் முதுமைக்குச் செய்யும் உபகாரம் சிறிதன்று.

பணத்தை எங்கே போடக்கூடாது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வெள்ளைக்காரர் வைத்திருந்த பழைய கம்பெனியென்று நம்பிப் போட்ட அநேகர் தெருவில் நின்றார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக்கோழி வளர்ப்புக் கம்பெனிகள் முறிந்தன. அதில் அகப்பட்டவர்களில் குடியானவர் பலர். குஞ்சும் தீனியும் கொடுத்து மாதப்படியும் தருவோமென்ற கம்பெனிகளிடம், அந்தக் கோழியை முடிவில் யார் வாங்கித் தின்பார்கள் என்று கேட்டவர் சிலரே. ஏலச்சீட்டுப் போடுகிறவர்கள், அது 1982-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவானதா என்று ரசீதைப் பார்க்கவேண்டும். பாங்கியிலும் ஜில்லா மத்தியக் கூட்டுறவு பாங்கியிலும் வைத்த டெபாசிட்டுக்கு, 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிராமத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்து டெபாசிட்டுக்கு அக்காப்பீடு இல்லை. சங்கத்தில் கடன் வாங்குவது நல்லதே. முதுமைப் பணம் முழுவதையும் அங்கே வைப்பதை யோசிக்கவேண்டும். நகையோ, செய்கூலியும் சேதாரமும் போனபின்பே தங்கமாகிறது. ஆபத்துக்கு அடகு வைக்க இரண்டு பவுன் வீட்டிலிருப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

60 வயதில் கைக்கு வரும் தொகையைக் கலியாணத்துக்கோ மாடி கட்டவோ கரைத்துவிட்டால் 25 வருஷப் பாடும் வீண். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை ஐந்து வருஷத்துக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி பெறலாம். 2025-ல் இருந்த 8.2 சதவிகிதப்படி 6,87,000 ரூபாய்க்கு வருஷம் சுமார் 56,000 ரூபாய் வரும். மழையைக் கேட்டு வராது.

இனி நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதியவர்கள் பலர், பிள்ளைகளுக்குள் சண்டை வேண்டாமென்று நிலம் முழுவதையும் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவருஷம் ஒரு வேளைக் கஞ்சிக்கு மருமகள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, காப்பாற்றவேண்டுமென்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, காப்பாற்றாவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். அருப்புக்கோட்டைக் கோட்டத்தார் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யவேண்டும். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு பொருந்தாதென்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சற்றுத் தாராளமாகப் பொருள் கொண்டதெனினும், வழக்குக்கு அலைவதைவிடப் பத்திரத்திலேயே தெளிவாய் எழுதுவது மேல். ஆயுள்வரை அநுபவ உரிமையைத் தமக்கும் மனைவிக்கும் நிறுத்திக்கொண்டு எழுதுவதும், கிணற்றடி நிலம் ஒரு ஏக்கரையாவது எழுதாமல் வைத்துக்கொள்வதும் உண்டு. பத்திரம் எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் விட்டாலும், பட்டா நகலும் அடங்கலும் கேட்டு முதியவர் சாவடிக்கு வரும் அன்றைக்கே, கிராம நிர்வாக அலுவலர் அவரைத் தனியே உட்காரவைத்து இதைச் சொல்லலாம்.