வாயூறும் காவல்

பள்ளிமுனைப் பெருக்கமரப் பழத்தின் புளிப்புச் சதை நாவில் பட்டதும் வாயூறும். சுவையரும்பிலுள்ள உணர்கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அந்த நீர் உணவை நனைப்பதோடு நிற்பதில்லை. அதிலுள்ள இலைசோசைம் பற்றீரியாவின் கலச்சுவரைச் சிதைக்கும். ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி கிருமிகளை வாயில் ஒட்டவிடாது.

சுவைக்கலங்களை ஒத்த குஞ்சக் கலங்கள் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குழாயிலும் குடலிலும் உண்டு. குடலில் புழுவை உணர்ந்ததும் அவை இன்ரலூக்கின்-25ஐச் சுரந்து நிர்ப்பீடனக் கலங்களை அழைப்பதை 2016இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

உமிழ்நீர் குறைந்தால் காவலும் குறையும். நீரிழிவுள்ள என் உம்மும்மாவுக்கு வாய் வரண்டு, பற்கள் சொத்தையாகின. உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கும் வாய் வரண்டால், "வயசுதானே" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.