வழிச்செலுத்து நெறிமுறைகளும் அவற்றைப் பயிலும் முறையும்

கல்லணையை அடையும் காவிரிநீர், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்னும் மூன்றிலும் பாசனத்துக்குப் பிரித்துவிடப்படுகின்றது; வெள்ளக்காலத்து மிகைநீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் செல்கின்றது. தலைப்புத்தோறும் எம்மதகை எவ்வளவு திறப்பதென்று அறிந்தோர் இருத்தலாலன்றோ கடைமடை வயலுக்கும் நீர் எட்டுகின்றது! கணினி வலையமைப்புகளிலும் இத்தகைய பிரிவிடங்கள் உள. அவற்றில் இருந்து தகவற்பொதிகளை வழிப்படுத்தும் கருவியே ரூட்டர் எனப்படுவது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நீர் பள்ளம் நோக்கித் தானே பாயும். பொதிக்கோ மேடும் பள்ளமும் இல்லை. ஆதலின் ரூட்டர் ஒவ்வொன்றும் தன் வழி அட்டவணையைப் பார்த்தே பொதியை அடுத்த ரூட்டருக்கு அனுப்புகின்றது. அவ்வட்டவணையை ரூட்டர்கள் தம்முள் செய்தி பரிமாறி நிரப்பிக்கொள்ளும் ஒழுங்குக்கு வழிச்செலுத்து நெறிமுறை என்று பெயர்.

சிஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய சி.சி.என்.ஏ. தேர்வுக்கு நம் மாணாக்கர் பலர் படித்து வருகின்றனர். கட்டளைகளை மனப்பாடம் செய்வதே அவருட் பலருடைய வழக்கம். கணினியில் மாதிரி வலையமைப்பை அமைத்து, எல்லாம் இயங்கக் கண்டவுடன் எழுந்து போவது சிலருடைய வழக்கம். இவ்விரண்டும் போதா என்பதே யாம் கூறவந்தது. இயங்கச் செய்தல் பாதிப் பயிற்சி. இயங்குவதை அறுத்துப் பார்த்தல் மற்றைப் பாதி.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்னும் நான்கு ஊர்களை இருப்புப்பாதை ஒரு வளையமாக இணைத்தல் யாவரும் அறிந்ததே. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்னும் பயிற்சி மென்பொருளில் இவ்வூர்களின் பெயரால் நான்கு ரூட்டர்களை வைத்து, அவ்வளைய முறையிலேயே இணைக்க. இணைப்புகள் யாவும் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுடையனவாகுக. 10.1.1.0 முதல் 10.1.4.0 வரையுள்ள முகவரித் தொகுதிகளை முறையே ஊருக்கு ஒன்றாக அளித்து, ஊர்தோறும் ஒரு கணினியை வைக்க. ரூட்டர்களுக்கிடையேயுள்ள இணைப்புகளுக்கு வேறு தொகுதிகளை அளிக்க.

முதற்கண் வழிகளைக் கையாலேயே எழுதுக. ரூட்டர் ஒன்றுக்கு மூன்றாகப் பன்னிரண்டு வழிகள் எழுத வேண்டும். ஓர் இணைப்பு அற்றால், எழுதாத மாற்று வழியை ரூட்டர் தானே தேடாது. நெறிமுறை எதற்காக என்பது இதனால் விளங்கும்.

அடுத்து ரிப் என்னும் பழைய நெறிமுறையை அமைக்க. இஃது இக்காலத் தேர்வுப் பாடத்தில் இல்லையாயினும், ஒப்பிட்டு அறிதற்கு உதவும். ஒவ்வொரு ரூட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தன் அட்டவணையை அண்டையாருக்குக் கூறும். எத்தனை ரூட்டர்களைத் தாண்டவேண்டும் என்பது ஒன்றே இதற்குக் கணக்கு. தாண்டுதல் 15 வரை செல்லும். 16 என்றால் அடைய இயலாதது என்று பொருள். இதன்படி தஞ்சையிலிருந்து திருவாரூருக்கு நேர்வழியே வழி. அவ்வழி எவ்வளவு மந்தமாயினும் ரிப் அதனை நோக்காது.

இனி, தேர்வுக்குரிய ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறைக்கு வருவோம். இதில் ஒவ்வொரு ரூட்டரும் தன் இணைப்புகளை எல்லோருக்கும் அறிவிக்கும். யாவரிடத்தும் ஒரே வரைபடம் உருவாகும். டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கு முறையால் ஒவ்வொன்றும் தனக்குக் குறைந்த செலவுள்ள வழியைக் கணித்துக்கொள்ளும். 100 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 1. 10 மெகாபிட்டுக்கு 10. தஞ்சை–திருவாரூர் இணைப்பின் இருமுனையிலும் செலவை 10 என்று அமைத்தபின், தஞ்சையின் அட்டவணையில் 10.1.4.0க்கு என்ன தோன்றும்? பார்க்குமுன் தாளில் எழுதுக. கும்பகோணம், மயிலாடுதுறை வழியே மூன்று இணைப்புகளுக்கு 3, திருவாரூரின் உள்ளூர் இணைப்புக்கு 1, ஆகச் செலவு 4. நேர்வழியிலோ 11. எனவே சுற்றுவழியே தேர்ந்தெடுக்கப்பட்டு, 110/4 என்று அட்டவணையிற் காணும். முன்னெண் நெறிமுறையின் நம்பகத்தைக் குறிப்பது. குறைந்த எண் மேலானது. ரிப்பின் எண் 120 ஆதலின், இரண்டும் ஓடுமிடத்து ஓ.எஸ்.பி.எஃப். கூறிய வழியே நிலைபெறும்.

இப்பொழுது மயிலாடுதுறை–திருவாரூர் இணைப்பை அறுக்க. அட்டவணை விரைவில் 110/11 என்று மாறக் காணலாம். பிறகு அவ்விணைப்பின் நடுவே இரண்டு சுவிட்சுகளை வைத்து, முன்போல் இயங்கியபின், சுவிட்சுகளுக்கு இடையிலுள்ள கம்பியை மட்டும் அறுத்துப் பார்க்க. ரூட்டர் இரண்டின் கண்ணுக்கும் தத்தம் கம்பி நலமாகவே தோன்றும். 10 நொடிக்கு ஒருமுறை வரவேண்டிய நலச்செய்தி 40 நொடி வரை வாராதபோதே அண்டை ரூட்டர் இறந்ததென்று முடிவு செய்யும். அதுகாறும் அட்டவணை 110/4 என்றே காட்டும். பொதிகளோ வழியில் மடியும். அட்டவணை கூறுவதும் உண்மை நிலையும் வேறாகும் காலம் உண்டு என்னும் இப்பாடத்தை மனப்பாடம் தருவதில்லை.

பின்னர் வேண்டுமென்றே பிழை செய்க. ஒரு முனையில் பகுதி எண்ணையேனும், நலச்செய்தியின் கால அளவையேனும், முகவரி மறைப்பையேனும் மாற்றினால் அண்டை உறவு ஏற்படாது. ஒவ்வொரு பிழைக்கும் உரிய அறிகுறியை ஏட்டிற் குறித்துக்கொள்க. அடுத்த நாள் நண்பர் ஒருவரைக் கொண்டு ஒரு பிழையை மறைவாகச் செய்வித்து, அறிகுறி கொண்டு அதனைக் கண்டுபிடிக்க.

இவ்வளவு முயற்சி எதற்கு எனின், கூறுதும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்திற் பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால் அதன் முதுகெலும்பு வலையமைப்பே துண்டிக்கப்பட்டு, உலகெங்கும் அதன் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரைகடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் வீழ்ந்து, நம் டெல்டா மாவட்டங்களின் ஊர்கள் பல மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் தவித்தன. வழியே இல்லாதவிடத்து எந்நெறிமுறையும் வழி படைக்காது. ஆனால் இரண்டாம் வழி இருந்தும் அதனை ரூட்டர் கண்டுகொள்ளாதவாறு அமைத்தல் அமைத்தோன் குற்றமாம். அத்தகைய நாளில் மருத்துவமனையிலிருந்து செல்லவேண்டிய செய்தி ஒன்று அந்த இரண்டாம் வழியை நம்பியிருக்கலாம்.

மாணாக்கர்காள்! பயிற்சிக்கூடத்தில் அறுந்த கம்பியால் யார்க்கும் கேடில்லை. ஆங்கு நூறு முறை அறுத்துப் பழகியவனிடமே ஊரார் தம் கம்பியை நம்பி ஒப்புவிக்கலாம். தேர்வுச் சான்றிதழ் அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையோன் கையில் இருத்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.