மாட்டுண்ணி மனுசனை என்ன பண்ணும்?

"சின்ன வயசுல இருந்து மாட்டுக்கு உண்ணி புடுங்கறமுங்க. இதுவரைக்கும் ஒரு காய்ச்சலும் வந்ததில்லீங்க."

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பதில் இதுதான். தறி ஓட்டுகிறவரும் சொல்வார், தோட்டத்தில் நாலு உருப்படி கட்டியிருப்பவரும் சொல்வார். சொல்வது பொய்யும் அல்ல. நம் மாடுகளில் அதிகமாக ஒட்டியிருக்கும் உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, ரத்தம் குடித்துப் பெருத்து, கடைசியில் முட்டையிடத்தான் கீழே விழும். மாட்டுக்கு அது ரத்த மூத்திரக் காய்ச்சலைக் கொண்டுவரும். மனிதனைப் பெரும்பாலும் சீண்டாது. இந்த ஒரு சாதி உண்ணியின் குணத்தை வைத்து உலகத்து உண்ணிக்கெல்லாம் நற்சான்றிதழ் கொடுப்பதில்தான் தப்பு இருக்கிறது.

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா புல்வெளிகளில் ஆம்ப்லியோமா என்றொரு உண்ணி உண்டு. புல் நுனியில் கால்களை நீட்டிக்கொண்டு யாராவது வரட்டும் என்று காத்திருக்கிற பொறுமை அதற்குக் கிடையாது. நாம் விடும் மூச்சை மோப்பம் பிடித்து, ஆளை நோக்கித் தானே ஓடி வரும். ஒன்று வந்தால் பின்னாலேயே நாலைந்து வரும். அதன் வயிற்றில் இருக்கிற ரிக்கெட்சியா ஆப்ரிக்கே என்ற கிருமி கொடுப்பதுதான் ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல். பிரிட்டோரியாவில் இருந்த பைப்பர் என்ற மருத்துவர் 1930களிலேயே, நாய் உண்ணியால் ஊருக்குள் வரும் காய்ச்சல் வேறு, காட்டுப்புறத்தில் மாட்டு உண்ணியால் வரும் இந்தக் காய்ச்சல் வேறு என்று எழுதினார். பலரும் ஏற்கவில்லை. 1990களில் ஜிம்பாப்வேயில் கிருமியையே பிரித்தெடுத்த பிறகுதான் அவர் சொன்னது சரி என்று ஆனது.

இதெல்லாம் சோமனூருக்கு எதற்கு? நூல் வியாபாரம், ஏற்றுமதி, தறிக்கூடம் என்று நாலு காசு பார்த்த குடும்பங்கள் முன்பு ஊட்டிக்குப் போனதுபோல இப்போது சஃபாரிக்குப் போகின்றன. கோவையில் ஏறினால் ஷார்ஜா, அங்கிருந்து ஆப்பிரிக்கா. பயண ஏஜென்ட் சிங்கத்தைப் பற்றிச் சொல்வார். உண்ணியைப் பற்றி அவர் ஏன் சொல்லப்போகிறார்.

"நாங்க என்ன வேட்டைக்கா போறம்? ஜீப்புல உக்காந்து போட்டோ எடுக்கத்தானுங்க போறம்" என்பார்கள். பாதி நியாயம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் கட்டணம் கட்டி உரிமத்தோடு சுட இன்றும் வழியிருக்கிறது. யாருக்கு இந்தக் காய்ச்சல் வருகிறது என்று நார்வேக்காரர்கள் எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கிராமப்புறங்களுக்குப் போய்த் திரும்பிய 940 பேரைப் பின்தொடர்ந்ததில் 38 பேருக்கு இந்தக் காய்ச்சல். நூற்றுக்கு நாலு. ஆய்வு 2003இல் வெளியானது. ஆபத்தைக் கூட்டியவை மூன்று: வேட்டைக்குப் போனது, தென்பகுதி ஆப்பிரிக்காவுக்குப் போனது, நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் போனது.

வேட்டைக்காரருக்கு ஏன் கூடுதல் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அவர் புல்லில் குப்புறப் படுக்கிறார், புதருக்குள் தடம் பார்த்து நடக்கிறார், விழுந்த மிருகத்தைத் தோளில் தூக்குகிறார். செத்த உடம்பு ஆறத் தொடங்கினால் அதிலிருக்கும் உண்ணி சூடான அடுத்த உடம்பைத் தேடும். பக்கத்திலேயே ஒன்று நிற்கிறது. ஜீப்பை விட்டு இறங்காதவருக்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் முழுப் பயணமும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த தமிழரைக் காட்டுங்கள். காலாற நடக்க இறங்குவோம், மரத்தடிப் புல்லில் விரித்துச் சாப்பிடுவோம், அவசரத்துக்குப் புதரோரம் ஒதுங்குவோம்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா போய்த் திரும்புகிறவர் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால் தனிமைப்படுத்தலில்தான் போய் உட்கார வேண்டும். அதனால் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். போட்டதும் ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கெல்லாம் சேர்த்துக் காப்பு கட்டியாகிவிட்டது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அது மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டுமான ஊசி. ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியே கிடையாது.

"காய்ச்சல் வந்தது ஊருக்கு வந்து நாலு நாள் கழிச்சு. அப்ப இங்க புடிச்சதுதான்." கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. கடிபட்டு ஐந்து முதல் பத்து நாள் கழித்தே ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல் தலைகாட்டும். கடைசி இரண்டு நாளில் கடிபட்டவருக்கு விமானத்தில் ஒன்றும் இருக்காது. வீட்டில் பெட்டியைப் பிரித்து, துணி துவைத்து, கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டு எல்லாம் வரும். இந்த இடத்தில் ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கே பார்க்க வேண்டிய முதல் பரிசோதனை மலேரியாவுக்கு. உண்ணிக் காய்ச்சல் படுத்தி எடுக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. அங்கத்திய மலேரியா இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடக் கூடியது. உடம்பில் உண்ணி கடித்த அடையாளம் இருக்கிறது என்பதற்காக மலேரியா இல்லை என்று ஆகிவிடாது.

அடையாளம் என்றேன். "கடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?" என்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய மூடநம்பிக்கை. தெரியாது. உண்ணி கடிக்கும்போது வலிக்காமலிருக்க அதன் எச்சிலிலேயே ஏற்பாடு இருக்கிறது. சிறு பருவத்து உண்ணி கடுகை விடச் சின்னது. சில நாளில் கடித்த இடத்தில் ஒரு புண் வரும். நடுவில் கருத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, சிகரெட்டால் சுட்டதுபோல. வலி இல்லை, அரிப்பு பெரும்பாலும் இல்லை. வலித்தால்தானே பார்ப்போம்! அதுவும் அது உட்காருகிற இடங்கள் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், இடுப்பில் துணி இறுக்கும் வரி, பெண்களுக்கு மார்புக்குக் கீழே. ஆப்பிரிக்க உண்ணி கூட்டமாக வருவதால் இப்படி இரண்டு மூன்று புண்கள் ஒரே ஆளிடம் இருக்கும். காய்ச்சலோடு போகும் நோயாளி சட்டையைக் கழற்றக் கூச்சப்படுகிறார். வரிசையில் 60 பேர் நிற்கிற கிளினிக்கில் மருத்துவருக்கு நேரமில்லை. ரத்தத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் செலவழித்து டெங்கு, டைபாய்டு எல்லாம் பார்த்த பிறகும், ஒரு டார்ச் லைட்டில் காணக்கூடிய அந்தக் கறுப்புப் பொருக்கை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, இந்தக் காய்ச்சல்களுக்கான ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பல சமயம் 'இல்லை' என்றே காட்டும். உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாக நாளாகும்.

இதே கறுப்புப் பொருக்கைக் காண ஆப்பிரிக்கா போக வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 டிசம்பர் கடைசியில் பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டதே, ஸ்க்ரப் டைபஸ், அதற்கும் இதுதான் அடையாளம். பத்திரிகைகள் அதை உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன. கடிப்பது உண்மையில் உண்ணி அல்ல, அதைவிடப் பொடியான ஒரு சிற்றுண்ணியின் புழு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. "அதெல்லாம் காட்டுக்குள்ள போறவங்களுக்கு" என்று ஒதுக்கவும் முடியாது. வரப்பு, வாய்க்கால் ஓரம், வீட்டுக்குப் பின்னால் எலி ஓடுகிற புதர், இவையே அதற்குப் போதும். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கூடும். ஆப்பிரிக்கக் காய்ச்சலைப் போல இது சாது இல்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கும், ஆளையும் கொல்லும்.

உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால்? நம்மிடம் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. பீடி நெருப்பை வை, மண்ணெண்ணெய் ஊற்று, சுண்ணாம்பு தடவு, வேப்பெண்ணெய் விடு, இப்போது புதிதாக நெயில் பாலிஷ். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: மூச்சு முட்டினால் தானாக விட்டுவிடும். உண்ணி மணிக்குச் சில தடவைதான் மூச்சு விடும். அதை மூச்சு முட்ட வைப்பதற்குள் பொழுது போய்விடும். சூடு வைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கவும் கூடும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். வாய்முள் கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டாலும் ஊசியால் குடைய வேண்டாம், தோலே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

பிடுங்கியதை நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குவது இன்னொரு பழக்கம். அந்த 'டப்' சத்தத்தில் ஒரு திருப்தி இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் கிரிமியன் காங்கோ காய்ச்சல் என்ற ஒன்று, கடியால் மட்டுமல்ல, நசுக்கிய உண்ணியின் ரத்தம் கையில் பட்டும் வரும். 2011 ஜனவரியில் குஜராத்தில் அகமதாபாத் அருகே ஒரு பெண் அதில் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவரும் செவிலியரும் அடுத்தடுத்து இறந்தார்கள். 2016இல் ஓமானிலிருந்து குஜராத் திரும்பிய ஒருவருக்கும் அது இருந்தது. வளைகுடாவில் ஆடு, ஒட்டகம் மேய்க்கிற வேலைக்கு நம்மூர் ஆட்களும் போகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மருந்துக்கு வருவோம். "ரெண்டு ஊசி போட்டாச்சு, பெரிய ஆன்டிபயாடிக், இன்னும் காய்ச்சல் எறங்கல." இறங்காது. பென்சிலின் வகையும், செஃப்ட்ரையாக்சோன் போன்ற விலை கூடிய ஊசிகளும் இந்தக் கிருமிகளை ஒன்றும் செய்வதில்லை. இவை நம் உயிரணுக்களுக்கு உள்ளே குடியிருப்பவை. கேட்பது டாக்ஸிசைக்கிளின். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மாத்திரை. சரியான நோய்க்குக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். விலை குறைவு என்பதாலேயே இதை நம்ப மறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குக் கொடுத்தால் பல் கறையாகும் என்ற பயம் பழைய டெட்ராசைக்கிளின் காலத்தது. குறுகிய நாட்களுக்கு எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. கர்ப்பிணிக்கு ஸ்க்ரப் டைபஸ் என்றால் அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியே கொடுப்பது எப்படி என்று வேலூர் சிஎம்சி தலைமையில் ஏழு இடங்களில் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தவர்கள், ஒரு மருந்து மட்டும் கிடைத்தோரில் 47, 48 சதவீதம். இரண்டும் கிடைத்தோரில் 33 சதவீதம். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், உண்ணியால் வரும் லைம் நோய் பற்றிய பயம் ஒன்று புதிதாகப் புகுந்திருக்கிறது. அது அங்கே உண்மையான நோய். இங்கே மூட்டு வலிக்கெல்லாம் அதைக் காரணமாகத் தேட வேண்டாம்.

உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார். நாயைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் முயலுக்குப் போகிறவர். நாய் உண்ணி கொண்டுவரும் இந்திய உண்ணி டைபஸ், உள்ளங்கை உள்ளங்கால் வரை புள்ளிகளாகத் தடிக்கும். முற்றினால் விரல் நுனி கருத்து அழுகும். முயல் பிடித்தாலும் வழக்கு என்பதால் அவர் மருத்துவரிடம் "காட்டுப் பக்கமே போகலீங்க" என்பார். வெளிநாட்டில் காசு கட்டிச் சுட்டவரும் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று "பிசினஸ் ட்ரிப்" என்பார். மருத்துவருக்கு இரண்டும் ஒன்றுதான். புல்லிலும் புதரிலும் இருந்தீர்களா என்ற கேள்விக்கு விடை வராவிட்டால் அவர் டெங்குவிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அவர் வனத்துறையில் வேலை பார்க்கவில்லை.

டாக்ஸிசைக்கிளின் எடுபடாத உண்ணிக் காய்ச்சலும் பக்கத்திலேயே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மசினகுடி, முதுமலை என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது அது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது கண்டறிந்த குரங்குக் காய்ச்சல். வைரஸ் நோய், தனி மருந்து இல்லை. 2012 கடைசியில் பந்திப்பூரில் குரங்குகள் செத்தன. உடல்களை எரித்த வேலையில் இருந்த ஆறு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். அதையொட்டி நீலகிரிக் குரங்குகளிலும் வைரஸ் தெரிந்தது. 2015இல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் பாதிப்பு. குரங்கைத் தொட்டால்தான் வரும் என்றில்லை. செத்த குரங்கிலிருந்து இறங்கிய உண்ணிகள் அந்தச் சருகிலேயே கிடக்கும். நவம்பர் முதல் மே வரை, சிறு பருவத்து உண்ணிகள் ஆளைக் கடிக்கிற காலம். காட்டோரத்தில் குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போய் செல்பி எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆட்கள் வந்து சுற்றிலும் பூச்சிமருந்து தூவிய பிறகே உடலை அப்புறப்படுத்துவார்கள்.