பார்வையற்ற இளையோரும் ஆடுகளமும்

உடலுரம் கல்விக்குத் துணை, உழைப்புக்கு அடிப்படை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. உடற்குறையுடைய சிறார்க்கும் அவ்வளவையே அது பரிந்துரைத்தது.

நடைமுறையோ வேறு. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியையே எண்ணிப் பார்ப்போம். மாலையில் பிள்ளைகள் தெருவில் ஓடியாட, பார்வையற்ற சிறுவன் ஒருவன் தறியருகே அமர்த்தப்படுவானாயின், அதற்குக் காரணம் பெற்றோரின் அன்பே. 'விழுந்துவிடுவானோ' என்னும் அச்சமே அவனைக் கட்டிப்போடுகின்றது. ஆயினும், இயங்காத கால் வலுவிழக்கும். வலுவிழந்த காலே எளிதில் இடறும். காக்க எண்ணிய அன்பே கேடாய் முடிகின்றது.

பார்வையுடைய குழந்தை பிறரைக் கண்டு தாவவும் எறியவும் பழகுகின்றது. பார்வையற்றோர்க்கு அவற்றைச் சொல்லாலும் தொடுகையாலும் கற்பித்தல் வேண்டும். குறை அவர்தம் ஆற்றலில் இல்லை. நாம் கற்பிக்கும் முறையிலேயே உள்ளது.

இதற்குச் சான்றுகள் பல. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946இல் ஐரோப்பாவில் 'கோல்பால்' என்னும் ஆட்டம் உருவாயிற்று. பந்தினுள் மணிகள் ஒலிக்கும். களத்தின் கோடுகளுக்கு அடியில் கயிறு பதிக்கப்பட்டிருக்கும். ஆடுவோர் அதனைத் தொட்டே தம் இடத்தை அறிவர். பார்வையற்றோர் கிரிக்கெட்டிலும் ஒலிக்கும் பந்தே பயன்படுகின்றது. அதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998இல் புதுதில்லியில் நடைபெற்றது. 2012இல் பெங்களூரில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. ஓட்டப் பந்தயத்திலோ, பார்வையற்றவரும் வழித்துணைவரும் சிறு கயிற்றின் இருமுனைகளைப் பற்றி இணைந்து ஓடுவர்.

ஒலிக்கும் பந்து, ஒரு முழக் கயிறு, உடன் ஓட ஒரு தோழன்: இவை ஆரணிக்கு அரியனவா? நூலைத் தொட்டே அதன் தன்மை அறியும் நெசவாளர் வாழும் ஊரில், தொட்டறியும் அறிவின் சிறப்பை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? ஆயினும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. விழித்திரை நோய் உடையோர் சிலர்க்குக் குதித்தலும் மோதலும் தீங்கு பயக்கலாம். எனவே கண் மருத்துவரின் அறிவுரை பெற்றே தொடங்குதல் நன்று.

விளையாட்டிலும் சமவாய்ப்பு அளித்தல் கல்வி நிலையங்களின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதித்துள்ளது. சட்டம் வாயிலைத் திறக்கும். கைப்பற்றி அழைத்துச் செல்வோர் மனிதரே. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரம் இருமுறை வழித்துணைவராய் ஓட முன்வரின், வீட்டினுள் முடங்கிய இளையோர் பலர் களம் காண்பர். இரக்கப்படுவதை விடுத்து, அவர்களோடு இணைந்து ஓடுவோமாக.